கரப்பானோடு மருந்துக்கடைக்கு வருபவரைக் கவனிப்பது எப்படி? கவுன்டரில் புதிதாக நிற்கும் பார்மசிஸ்டுக்கு

"அரிப்புக்கு ஒரு டியூப் குடுங்க." டி.பார்ம் அல்லது பி.பார்ம் முடித்து, பதிவும் வாங்கி, கடையில் நிற்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே இந்தக் குரல் உங்களுக்குக் கேட்கும். கேட்பவர் கையில் சீட்டு இருக்காது. பழைய டியூப்பின் நசுங்கிய வால் மட்டும் இருக்கும்.

மருந்து கிடைக்காததால் கரப்பான் (எக்ஸிமா எனும் அரிப்புத் தோல் நோய்) அடங்காமல் போவது அரிது. மாய்ஸ்சரைசர் தேவையில் கால்வாசிகூடத் தோலுக்குப் போய்ச் சேர்வதில்லை. அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு களிம்போ தவறான வலிமையில், தவறான இடத்தில், தவறான நாள் கணக்கில் போகிறது. இரண்டும் கிராமையும் நாளையும் பொறுத்தவை, அந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியவர் கவுன்டரில் நிற்கும் நீங்கள்.

1. டியூப்பைத் தொடும் முன் கேளுங்கள்

யாருக்கு, என்ன வயது என்பது முதல் கேள்வி. வாங்க வந்தவருக்கே மருந்து என்று வைத்துக்கொள்ளாதீர்கள். பல சமயம் வீட்டில் இருக்கும் கைக்குழந்தைக்காக வந்திருப்பார்கள்.

பிறகு பேச்சு வழக்கிலேயே கேளுங்கள்: "எத்தனை நாளா இருக்கு? எந்த எடத்துல? ராத்திரி தூங்க முடியுதா? வீட்ல வேற யாருக்காவது அரிப்பு இருக்கா? இதுவரைக்கும் என்னென்ன போட்டீங்க?" கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். "பக்கத்து வீட்டு அக்கா குடுத்த ட்யூப்பு" என்றால் அதை எடுத்து வரச் சொல்லிப் பெட்டியில் அச்சிட்ட உட்பொருளைப் படியுங்கள். வீசிங், அடிக்கடி தும்மல், ஒவ்வாமை ஆகியவை குடும்பத்தில் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

முடிந்தால் இடத்தைப் பாருங்கள். கடை வாசலில் நின்று காட்டக் கூச்சப்படுவார்கள், ஓரமாக ஒரு திரை இருந்தால் போதும்.

2. இது கரப்பான்தானா என்று பாருங்கள்

கைக்குழந்தைக்குக் கன்னம், நெற்றி, கை கால்களின் வெளிப்பக்கம் ஆகிய இடங்களில் வரும். டயபர் கட்டும் இடம் பெரும்பாலும் தப்பிவிடும். ஓடியாடும் வயதில் முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்மடிப்பு, மணிக்கட்டு, கழுத்து. பெரியவர்களுக்குக் கை, கண் இமை, கழுத்து.

புத்தகப் படங்களில் இருக்கும் சிவப்பை நம் தோலில் தேடாதீர்கள். கருத்த தோலில் அது பழுப்பாகவோ சாம்பலாகவோ ஊதாவாகவோ தெரியும், சில சமயம் நிறமே மாறாமல் சொரசொரப்பும் சிறுசிறு மேடுகளும் மட்டும் இருக்கும். சிவப்பு இல்லை என்பதால் லேசானது என்று நினைத்தால் தீவிரத்தைக் குறைத்து மதிப்பிடுவீர்கள். விரலால் தடவிப் பார்ப்பது கண்ணைவிட நம்பகமானது.

குழப்பக்கூடியவை மூன்று.

படர்தாமரை: வட்டமாகப் பரவும், ஓரம் தூக்கலாகச் செதிலோடு இருக்கும், நடு தெளியும். தொடை இடுக்கும் இடுப்பும் அதற்குப் பிடித்த இடங்கள். இதன்மேல் ஸ்டீராய்டு போட்டால் இரண்டு நாள் அரிப்பு குறையும், பூஞ்சை உள்ளே பரவும், ஓரம் மங்கி அடையாளமே மாறிப்போகும். அதன் பிறகு தோல் மருத்துவருக்கே கண்டுபிடிப்பது கடினம்.

சிரங்குப் பூச்சி: இரவில் அரிப்பு ஏறும், விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புள், பிறப்புறுப்பில் இருக்கும், வீட்டில் இன்னும் இரண்டு பேர் சொறிந்துகொண்டிருப்பார்கள். இதற்கு வீட்டார் எல்லோரும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும். ஒருவருக்கு மட்டும் டியூப் கொடுத்து அனுப்புவது வீண்.

சொரியாசிஸ்: முட்டிகளின் வெளிப்பக்கம், தலை. தடித்த திட்டு, வெள்ளிச் செதில், விளிம்பு கோடு போட்டது போலத் தெளிவாக இருக்கும்.

எது என்று தீர்மானிக்க முடியவில்லையென்றால் மாய்ஸ்சரைசர் மட்டும் கொடுத்து மருத்துவரிடம் அனுப்புங்கள்.

3. அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியவர்கள்

கரப்பான் உள்ள குழந்தைக்குத் திடீரென ஒரே அளவில் கொத்துக்கொத்தாகக் கொப்புளங்கள், குத்தி எடுத்தது போன்ற சிறு புண்கள், அரிப்பைவிட வலி அதிகம், காய்ச்சல், சோர்வு: இது ஹெர்பிஸ் வைரஸ் பரவியதாக இருக்கலாம். நாளை பார்க்கலாம் என்ற பேச்சே வேண்டாம். கண்ணைச் சுற்றி இருந்தால் இன்னும் அவசரம். இந்தக் குழந்தைக்கு ஸ்டீராய்டு டியூப் கொடுப்பது ஆபத்து.

நீர் வடிந்து தேன் நிறத்தில் பொருக்குக் கட்டுவது, சீழ், சூடு, நெறி கட்டுவது ஆகியவை பாக்டீரியா தொற்றின் அறிகுறிகள். உடல் முழுக்கத் தோல் சிவந்து உரிபவர்களும் இந்தப் பட்டியலில் உண்டு. ஒரு வயதுக்குக் கீழான குழந்தைக்கு மாய்ஸ்சரைசரைத் தாண்டி எது தேவைப்பட்டாலும் மருத்துவர்தான்.

4. சீட்டைச் சரியாகப் படியுங்கள்

ஸ்டீராய்டு களிம்பு சும்மா எடுத்துக் கொடுக்கும் பொருள் அல்ல. டெசோனைடு உள்ளிட்ட பல மேற்பூச்சு ஸ்டீராய்டுகள், மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கக்கூடிய மருந்துகளின் ஷெட்யூல் எச் பட்டியலில் 2018-இல் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டன. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65-ஆவது விதி உங்கள் அன்றாட வேலையை ஆளுகிறது. அதன்படி சீட்டில் மருத்துவரின் கையெழுத்து, தேதி, நோயாளியின் பெயர், முகவரி, மருந்தின் மொத்த அளவு, பயன்படுத்தும் முறை எல்லாம் இருக்க வேண்டும். தோல் மருந்துச் சீட்டுகளில் விட்டுப்போவது பெரும்பாலும் மொத்த அளவுதான். "இரண்டு வேளை தடவவும்" என்று மட்டும் இருந்தால் எந்த இடத்தில், எத்தனை நாள், எத்தனை கிராம் என்று மருத்துவரை அழைத்துக் கேளுங்கள். கிளினிக் நேரம் முடிந்துவிட்டால் பதில் கிடைக்காது, அதனால் நோயாளி நிற்கும்போதே கேட்பது நல்லது.

திரும்பத் தரலாம் என்று மருத்துவர் எழுதியிருந்தால் ஒழிய ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான். கொடுத்ததும் கடையின் பெயர், முகவரி, தேதியை அதன்மேல் குறியுங்கள். ஆறு மாதத்துக்கு முந்தைய சீட்டைப் பர்ஸில் மடித்து வைத்து மாதாமாதம் டியூப் வாங்குபவரைத் தடுக்க உங்களிடம் இருக்கும் கருவி இந்த முத்திரைதான். பில்லில் மருத்துவர், நோயாளி பெயர்கள், மருந்து, தயாரிப்பாளர், பேட்ச் எண், காலாவதித் தேதி, அளவு எல்லாம் வர வேண்டும். பதிவேடுகளை இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். எழுதிய தயாரிப்புக்குப் பதில் வேறொன்றைத் தரவும் விதி இடம் கொடுப்பதில்லை. ஸ்டாக் இல்லையென்றால் அதற்கும் ஒரு போன் செய்யுங்கள்.

இங்கே இரண்டு பொறிகள். குளோபெட்டசோன், குளோபெட்டசால்: எழுத்தில் நூலளவுதான் வித்தியாசம். முன்னது மிதமானது, பின்னது இருப்பதிலேயே கடுமையானது. கையெழுத்து புரியாமல் ஊகித்தால் குழந்தையின் முகத்துக்கு மிகக் கடுமையான மருந்து போய்விடும்.

அடுத்தது வால் எழுத்துகள். ஒரே பிராண்டு பெயருக்குப் பின்னால் எஸ், என், ஜி.எம். என்று வரும். எஸ் என்றால் சாலிசிலிக் அமிலம் சேர்ந்தது, என் என்றால் நியோமைசின், ஜி.எம். என்றால் ஜென்டாமைசினும் மைக்கோனசோலும். ஸ்டீராய்டு, ஆன்டிபயாட்டிக், பூஞ்சை மருந்து மூன்றையும் ஒரே டியூப்பில் அடைத்த கலவைகள் நம் நாட்டில் தாராளமாகப் புழங்குகின்றன. எது இருந்தாலும் கேட்கும் என்ற நம்பிக்கையில் வாங்குகிறார்கள். கரப்பானுக்கு அதில் உள்ள பூஞ்சை மருந்து தேவையில்லை, படர்தாமரைக்கு அதில் உள்ள ஸ்டீராய்டு கேடு, நியோமைசினோ தானே ஒவ்வாமையை உண்டாக்கும். சீட்டில்லாமல் இதைக் கேட்டு வருபவருக்கு மறுப்பது வியாபார நஷ்டம் என்று முதலாளி நினைக்கக்கூடும். விதியையும் தோலையும் காட்டிப் பேசுங்கள், இதில் வளைந்துகொடுக்க இடமில்லை.

5. மாய்ஸ்சரைசர்: கிராமில் பேசுங்கள்

சிகிச்சையின் அடித்தளம் இதுதான். "கொஞ்சம் கிரீம் தடவுங்க" என்ற அறிவுரையால் பயனில்லை. உடல் முழுக்க வறண்ட குழந்தைக்கு வாரம் குறைந்தது 250 கிராம் வேண்டும். பெரியவருக்கு 500 கிராம். மாதத்துக்கு முறையே ஒரு கிலோ, இரண்டு கிலோ. நூறு கிராம் டியூப் ஒன்றை வாங்கி மாதம் முழுக்க வைத்திருக்கும் வீட்டில் குழந்தைக்குச் சிகிச்சையே நடக்கவில்லை என்று பொருள்.

அதனால் விலை முக்கியம். எம்.ஆர்.பி.யை கிராமால் வகுத்துக் காட்டுங்கள். விளம்பரத்தில் வரும் செராமைடு கிரீமை வாரம் ஐம்பது கிராம் கஞ்சத்தனமாகத் தடவுவதைவிட, சாதாரண பெட்ரோலியம் ஜெல்லியோ, வெள்ளை மென் பாரஃபினும் திரவ பாரஃபினும் கலந்த கிரீமோ தாராளமாகத் தடவுவது மேல். நல்லது எது என்றால், அந்த வீடு தொடர்ந்து வாங்கக் கூடியதும் குழந்தை ஒத்துக்கொள்வதும்தான். வாசனை சேர்த்தவற்றைத் தவிருங்கள். வாசனை சேர்க்காத தேங்காய் எண்ணெய் பயன்படும். கடுகெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் வேண்டாம்.

வெயில் காலத்தில் பிசுபிசுப்பான களிம்பைப் பகலில் தடவினால் வியர்வை அடைத்து வேர்க்குருவும் மயிர்க்கால் கொப்புளங்களும் வரும். சித்திரை, வைகாசியில் பகலுக்கு லோஷன் அல்லது கிரீம், இரவுக்குக் களிம்பு. மார்கழியில் இரண்டு வேளையும் களிம்பு தாங்கும். நீர் வடியும் இடத்துக்குக் கிரீம், வறண்டு வெடித்த இடத்துக்குக் களிம்பு.

தடவும் முறை: முடி வளரும் திசையில், மேலிருந்து கீழாக நீவி விட வேண்டும். தேய்க்கக் கூடாது. புள்ளிகள் உள்ள இடத்தில் மட்டுமல்ல, உடல் முழுக்க, நாளுக்கு இரண்டு மூன்று முறை. தோல் தெளிந்த பிறகும் தொடர வேண்டும். டப்பாவுக்குள் விரலை விடாமல் சுத்தமான கரண்டியால் எடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் டப்பாவே கிருமிக்கூடு ஆகிவிடும். யூரியா கலந்தவை பெரியவர்களின் தடித்த தோலுக்கு நல்லவை, வெடித்த தோலில் எரியும். சிறு குழந்தைக்கு மருத்துவர் சொன்னால் மட்டும்.

ஒரு எச்சரிக்கையைத் தவறாமல் சொல்லுங்கள். இந்தக் கிரீம்கள் துணியில் ஊறிக் காய்ந்தால் சீக்கிரம் தீப்பிடிக்கும், துவைத்தாலும் முழுதாகப் போகாது. அடுப்படி, குத்துவிளக்கு, தீபாவளி மத்தாப்பு ஆகியவற்றின் அருகே கவனம் தேவை.

6. ஸ்டீராய்டு: விரல்நுனிக் கணக்கு

ஐந்து மில்லிமீட்டர் வாயுள்ள டியூப்பிலிருந்து, பெரியவரின் ஆள்காட்டி விரலின் முதல் ரேகையிலிருந்து நுனிவரை பிதுக்கினால் அது ஒரு விரல்நுனி அளவு. எடை ஏறத்தாழ அரை கிராம். விரல்களும் சேர்ந்த பெரியவரின் இரண்டு உள்ளங்கைப் பரப்புக்கு அது போதும். குழந்தைக்குத் தடவும்போதும் அளப்பது பெரியவரின் விரலால்தான்.

மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைக்கு முகமும் கழுத்தும் 1.5, ஒரு கை முழுதும் 2, ஒரு கால் முழுதும் 3, மார்பும் வயிறும் 3, முதுகும் பிட்டமும் 3.5 விரல்நுனி. பெரியவருக்கு முகமும் கழுத்தும் 2.5, ஒரு கை 3, உள்ளங்கையும் புறங்கையும் சேர்த்து 1, ஒரு கால் 6, பாதம் 2, உடலின் முன்பக்கம் 7, பின்பக்கம் 7.

இதை வைத்துச் சீட்டைச் சரிபாருங்கள். நான்கு வயதுக் குழந்தை, இரண்டு முழங்கை மடிப்பும் இரண்டு முழங்கால் மடிப்பும். ஒவ்வொன்றும் ஒரு உள்ளங்கை அளவு என்றால் மொத்தம் நான்கு உள்ளங்கை, இரண்டு விரல்நுனி, ஒரு கிராம். தினம் ஒரு வேளை, ஏழு நாள்: 7 கிராம். பத்து கிராம் டியூப் போதும். அதே குழந்தைக்கு இரு கைகளும் இரு கால்களும் முழுதாக என்றால் பத்து விரல்நுனி, ஒரு வேளைக்கு 5 கிராம், வாரத்துக்கு 35 கிராம். பத்து கிராம் டியூப் இரண்டே நாளில் தீரும். அதைக் கொடுத்து அனுப்பினால் மீதி ஐந்து நாள் மருந்து இல்லாமல் கழியும், பிறகு "இந்த மருந்து கேக்கல" என்று திரும்பி வருவார்கள்.

வலிமை வரிசை: ஹைட்ரோகார்டிசோன் 1% மென்மையானது. குளோபெட்டசோன் 0.05% மிதமானது. மொமெட்டசோன் 0.1%, பீட்டாமெத்தசோன் வேலரேட் 0.1% கடுமையானவை. குளோபெட்டசால் 0.05% மிகக் கடுமையானது, அதைப் பெரியவருக்கே வாரம் 50 கிராமுக்கு மேலும், தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேலும் கொடுப்பதில்லை. முகத்துக்கு மென்மையானதே. அக்குளிலும் தொடை இடுக்கிலும் மருந்து அதிகமாக உறிஞ்சப்படும், டயபர் போட்டு மூடினால் இன்னும் அதிகம். இந்த வரிசைக்கு ஒவ்வாத சீட்டு வந்தால் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

கடுமையான பல கிரீம்களுக்கு நாளுக்கு ஒரு வேளையே போதும். அரிப்பும் தடிப்பும் அடங்கிய பின் 48 மணி நேரம் வரை தொடர்வது வழக்கமான முறை. அரிப்பு நின்ற அன்றே நிறுத்தினால் உள்ளே மிச்சமிருக்கும் அழற்சி மறுபடி கிளம்பும். ஸ்டீராய்டுக்கும் மாய்ஸ்சரைசருக்கும் நடுவே அரை மணி நேரம் இடைவெளி இருந்தால் ஒன்றை ஒன்று நீர்த்துப்போகச் செய்யாது. எது முதலில் என்பதில் பெரிய வேறுபாடு இல்லை.

"ஸ்டீராய்டா? வேண்டவே வேண்டாம்" என்று அஞ்சும் அம்மாக்களும் உண்டு. அவர்களிடம் அதைச் சாதாரணமானது என்று மழுப்ப வேண்டாம். சரியான வலிமை, சரியான இடம், ஒரு வாரம் என்ற எல்லைக்குள் தோல் மெலியாது என்பதையும், மாதக்கணக்கில் முகத்தில் போட்டால் தோல் மெலிந்து, சிவந்து, பரு வந்து, நிறுத்தியதும் எரியும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். கரப்பான் ஆறிய இடம் வெளிறித் தெரிவதைப் பார்த்து வெண்படை என்று பயப்படுவார்கள். பெரும்பாலும் அது அழற்சியின் தடம், மாதங்களில் நிறம் திரும்பும்.

அரிப்புக்கென்று பீட்டாமெத்தசோன் சொட்டு மருந்தை வாய்வழியாகக் குழந்தைக்குக் கொடுக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. சீட்டில்லாமல் ஒரு சொட்டுகூடத் தராதீர்கள்.

டாக்ரோலிமஸ் எழுதியிருந்தால்: அது ஸ்டீராய்டு அல்ல, முகத்துக்கும் இமைக்கும் பயன்படும். 2 முதல் 15 வயது வரை 0.03%, அதற்கு மேல் 0.1%. முதல் சில நாள் எரியும் என்பதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் இரண்டாம் நாளே தூக்கி எறிந்துவிடுவார்கள். ஈரமில்லாத தோலில் தடவ வேண்டும், வெயிலைத் தவிர்க்க வேண்டும்.

7. குளியலை மாற்றச் சொல்லுங்கள்

வெதுவெதுப்பான நீர், ஐந்து முதல் பத்து நிமிடம், மென்மையான சோப்பில்லாக் கட்டி அல்லது மாய்ஸ்சரைசரையே சோப்பாக. ஒற்றித் துடைத்து, ஈரம் காயும் முன் மூன்று நிமிடத்துக்குள் கிரீம். நார் போட்டுத் தேய்ப்பது, கடலை மாவு, குளிக்கும் நீரில் கிருமிநாசினி, வெடித்த தோலில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவது, குளித்ததும் சாம்பிராணிப் புகை, பவுடர் எல்லாம் நிற்க வேண்டும். பாட்டி உடன் வந்திருந்தால் அவரிடம் நேரே, மரியாதையோடு சொல்லுங்கள்: "பாட்டி, தோல் ஆறுற வரைக்கும் இதெல்லாம் நிறுத்தி வைங்க." வீட்டில் குளிப்பாட்டுவது அவர்தான்.

8. பெரியவர்களின் கை

பாத்திரம் கழுவுபவர், சலூன், மருத்துவமனை, கட்டட வேலை என்று தொழிலைக் கேளுங்கள். சிமென்ட்டில் உள்ள குரோமேட், கவரிங் நகையின் நிக்கல், தலைச்சாயம், ஒட்டும் பொட்டின் பசை, செருப்பின் ரப்பர் ஆகியவை ஒவ்வாமைக் கரப்பானை உண்டாக்கும். பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும், செருப்பு வார் படும் இடத்தில் மட்டும் என்று எல்லை தெரிந்தால் பேட்ச் டெஸ்டுக்காக (சந்தேகப் பொருளைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனை) தோல் மருத்துவரிடம் அனுப்புங்கள். ஈர வேலைக்கு உள்ளே பருத்திக் கையுறை, வெளியே ரப்பர் கையுறை, இருபது நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து வேண்டாம். ஒவ்வொரு முறை கை கழுவியதும் கிரீம். இரு கைகளுக்கும் ஸ்டீராய்டு எழுதியிருந்தால் வேளைக்கு ஒரு கிராம், இரண்டு வாரத்துக்குப் பதினைந்து கிராம் டியூப் ஒன்று.

9. கரப்பான் பண்டம் பற்றிக் கேட்டால்

கரப்பானைக் கிளப்பும் பண்டங்கள் என்று நம்பி, கத்தரிக்காய், கருவாடு, முட்டை, பால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் குழந்தையை மெலிய வைத்திருப்பார்கள். மொத்தமாக நிறுத்துவதால் சத்துக்குறைவுதான் வரும். ஒரு குறிப்பிட்ட உணவு சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, வாந்தி, உதடு வீக்கம் வந்ததா என்று கேளுங்கள். வந்திருந்தால், அல்லது சிகிச்சை சரியாக நடந்தும் கைக்குழந்தைக்கு அடங்காவிட்டால் மருத்துவர் முடிவு செய்யட்டும். மூச்சுத் திணறல் வந்திருந்தால் அது அவசரம்.

10. திரும்ப வரும் நாளைச் சொல்லி அனுப்புங்கள்

சரியான சிகிச்சையில் அரிப்பு சில நாட்களிலேயே குறையத் தொடங்கும். ஏழாம் நாள் கடைக்கு வரச் சொல்லுங்கள், டியூப்பையும் கொண்டு வரச் சொல்லுங்கள். மீதி எவ்வளவு என்பதைப் பார்த்தால் தடவினார்களா இல்லையா என்று தெரிந்துவிடும். ஏழு கிராம் தீர வேண்டிய இடத்தில் இரண்டு கிராம் தீர்ந்திருந்தால் மருந்தை மாற்றத் தேவையில்லை, விரல்நுனியை மறுபடி காட்டிக் கொடுங்கள். சரியாகத் தடவியும் இரண்டு வாரத்தில் மாற்றமில்லை என்றால் மருத்துவரிடம் அனுப்புங்கள். அனுப்பும்போது இதுவரை போட்ட மருந்துகள், நாட்கள், கிராம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், நோயாளிக்குப் பெயர்கள் நினைவிருக்காது.

மாதக்கணக்கில் கடுமையான ஸ்டீராய்டு போட்டு முகம் சிவந்து வருபவரைத் தானாக நிறுத்தச் சொல்லாமல் தோல் மருத்துவரிடம் அனுப்புங்கள். அந்தப் பக்கவிளைவை இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நீங்களே தெரிவிக்கலாம். பேட்ச் எண் இருக்கும் டியூப்பைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.